பாய்மரப் படகுக்கு எந்தப் புரொப்பெல்லர்? மாற்றுவதற்கு முன் அளந்து பார்க்க வேண்டியவை

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 34 அடி பாய்மரப் படகு, நீர்க்கோட்டு நீளம், அதாவது நீர்மட்டத்தில் படகின் நீளம், 30 அடி. 30 குதிரைத்திறன் டீசல் எஞ்சின், அதன் உச்ச வேகம் நிமிடத்துக்கு 3600 சுற்று. கியர் விகிதம் 2.6. ஷாஃப்ட் (சுழல்தண்டு) முனையில் மூன்று இறக்கையுள்ள நிலையான புரொப்பெல்லர். மெல்லிய காற்றில் பாய் விரித்தால் படகு எதையோ கட்டி இழுத்துக்கொண்டு போவது போல நகர்கிறது. எஞ்சினை முழுதாக முடுக்கினாலும் 3100 சுற்றைத் தாண்டவில்லை, கறுப்புப் புகையும் வருகிறது. மடங்கும் புரொப்பெல்லருக்கு மாறலாமா, மாறினால் என்ன அளவு, பிறகு எப்படிப் பராமரிப்பது?

மாறலாம். ஆனால் உங்களுக்கு இருப்பது ஒரு சிக்கல் இல்லை, இரண்டு. பாய் விரித்தால் மெதுவாகப் போவது ஒன்று, எஞ்சின் சுற்று ஏறாதது இன்னொன்று. இரண்டும் ஒரே புரொப்பெல்லரிலிருந்து வந்தாலும் காரணம் வேறு, மருந்தும் வேறு. மடங்கும் புரொப்பெல்லர் முதலாவதைத் தீர்க்கும். அளவு தப்பாக வாங்கினால் இரண்டாவது அப்படியே இருக்கும். புதுப் புரொப்பெல்லரை மாட்டியும் புகை நிற்கவில்லையே என்று வருத்தப்பட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் முதலில் எஞ்சின் பக்கத்தைப் பார்ப்போம்.

3100 என்ற எண்ணையே முதலில் சந்தேகப்படுங்கள். பல படகுகளில் சுற்றுமானி ஆல்டர்னேட்டரிலிருந்து சிக்னல் எடுக்கிறது. பெல்ட் நழுவினாலோ, ஆல்டர்னேட்டரை மாற்றிய பிறகு மீட்டரைத் திருத்தாமல் விட்டாலோ தப்பான எண்ணைத்தான் காட்டும். கையில் பிடிக்கும் ஒளிச் சுற்றுமானி ஒன்றை இரவல் வாங்கி, பெரிய கப்பியில் சின்னப் பிரதிபலிப்பு நாடா ஒட்டி அளந்து பாருங்கள். பத்து நிமிட வேலை. அப்புறம், முடுக்கு நெம்புகோலைக் கடைசி வரை தள்ளும்போது எஞ்சின் பக்கத்து நெம்பும் அதன் தடுப்பு வரை போகிறதா என்று இன்னொருவரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கேபிள் தளர்ந்திருந்தால் எஞ்சினுக்கு முழு டீசலே போகாது. உங்கள் படகில் கறுப்புப் புகை வருவதால் டீசல் தாராளமாகப் போகிறது என்றுதான் தோன்றுகிறது. இருந்தாலும் பார்த்துவிடுவது நல்லது.

அடுத்தது அழுக்கு. இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. புரொப்பெல்லரில் கொட்டலசு (நீருக்கடியில் ஒட்டி வளரும் ஓடுள்ள சிற்றுயிர்) பிடித்திருந்தால் எந்தக் கணக்கும் பொருந்தாது. இறக்கையின் மேல் நீர் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும். அங்கே உப்புத்தாள் போன்ற பரப்பு இருந்தாலே உந்துவிசை குறையும், சுழற்றத் தேவையான விசை கூடும். அரிசி அளவுக் கொட்டலசு படிந்த புரொப்பெல்லரோடு படகு பாதி வேகத்துக்கு இறங்கிப் போனதை நானே அனுபவித்திருக்கிறேன். சுத்தம் செய்த அன்று மாலை அதே படகு பழைய வேகத்துக்கு வந்தது. ஆகவே புரொப்பெல்லர், ஷாஃப்ட், படகின் அடிப்பகுதி மூன்றையும் சுத்தமாக்கிய பிறகுதான் சோதனை ஓட்டம்.

சோதனை இப்படி. அலையில்லாத நீர், ஆழம் போதுமான இடம், எஞ்சின் நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும், டாங்க்குகள் வழக்கமான அளவில் நிறைந்திருக்க வேண்டும். படகு ஓடிக்கொண்டிருக்கும்போதே முழு முடுக்கம் கொடுத்து, வேகம் நிலைப்பட்ட பின் சுற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். துறையில் கட்டி வைத்து முடுக்கிப் பார்ப்பது சோதனை ஆகாது. நிற்கும் படகில் சுமை அதிகம், எண் குறைவாகத்தான் வரும். உற்பத்தியாளர் சொன்ன உச்சச் சுற்றை, உங்கள் எஞ்சினில் 3600-ஐ, தொட வேண்டும் அல்லது நூறு சுற்றுக்குள் நெருங்க வேண்டும். தொடவே இல்லை என்றால் புரொப்பெல்லர் எஞ்சினுக்கு மீறிய அளவு. மிகச் சுலபமாகத் தொட்டு இன்னும் ஏறத் துடித்தால் அளவு போதவில்லை. சரியான புரொப்பெல்லர் எது என்பதற்கு இதைவிட நம்பகமான பதில் எனக்குத் தெரியாது. பிராண்ட், இறக்கை எண்ணிக்கை எல்லாம் இதற்குப் பிறகுதான்.

சுத்தம் செய்த பிறகும் 3100-லேயே நின்றால், ஹப்பில், அதாவது இறக்கைகள் சேரும் நடுப்பகுதியில், அடித்திருக்கும் எண்ணைப் படியுங்கள். "16 ஆர்.ஹெச். 14" என்பது போல இருக்கும். முதல் எண் விட்டம், அங்குலத்தில். இரண்டாவது பிட்ச், அதுவும் அங்குலத்தில். நடுவில் உள்ள எழுத்துகள், பின்னாலிருந்து பார்க்கும்போது முன்னோக்கிப் போக வலஞ்சுழியாகச் சுற்றும் வலக்கைப் புரொப்பெல்லர் என்று சொல்கின்றன. பிட்ச் என்பதை மரத்தில் இறங்கும் திருகாணியாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முழுச் சுற்றுக்கு எவ்வளவு தூரம் உள்ளே போகும் என்பதுதான் பிட்ச். நீர் மரம் போலக் கெட்டியாக இல்லாததால் புரொப்பெல்லர் கொஞ்சம் நழுவும்.

உங்கள் படகுக்கே கணக்குப் போட்டுப் பார்ப்போம். 3600-ஐ 2.6-ஆல் வகுத்தால் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 1385 சுற்று சுற்றும். பிட்ச்சை இந்த எண்ணால் பெருக்கி 1215-ஆல் வகுத்தால், நழுவலே இல்லாவிட்டால் என்ன வேகம் என்பது நாட் கணக்கில் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல்மைல்) கிடைக்கும். பிட்ச் 14 என்றால் கிட்டத்தட்ட 16 நாட். ஆனால் படகு அந்த வேகத்துக்குப் போகவே போகாது. நீரைத் தள்ளிக்கொண்டு போகும் படகின் உச்ச வேகம் நீர்க்கோட்டு நீளத்தின் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் வருவது. 30 அடிக்கு 7.3 நாட். அப்படியானால் நழுவல் 54 சதவீதம். இந்த வகைப் படகுக்கு 45 சதவீதத்தை ஒட்டி இருந்தால் இயல்பு. பிட்ச்சை 12 ஆக்கிப் பாருங்கள். நழுவல் இல்லா வேகம் 13.7, நழுவல் 47 சதவீதம். பொருந்துகிறது.

பட்டறைகளில் ஒரு கைக்கணக்கு உண்டு. ஒரு அங்குலம் பிட்ச் குறைத்தால் எஞ்சின் சுமார் 200 சுற்று கூடுதலாக ஏறும். இரண்டு அங்குலம் குறைத்தால் 3100 என்பது 3500 பக்கம் வரும். மேலே போட்ட கணக்கும் இதுவும் ஒரே இடத்துக்கு வந்து சேர்கின்றன. உங்கள் ஹப்பில் 14 என்று இருந்தால், பழைய புரொப்பெல்லரையே பட்டறையில் கொடுத்து 12 ஆக்கிவிடலாம். வெண்கல இறக்கையை இரண்டு அங்குலம் வரை வளைத்துத் திருத்துவது அவர்களுக்குப் பழகிய வேலை. விட்டத்தில் கை வைக்க வேண்டாம். ஒரு அங்குல விட்டம் இரண்டு மூன்று அங்குலப் பிட்ச்சுக்குச் சமமான சுமை. இடம் இருக்கும் வரை பெரிய விட்டம், மெதுவான சுழற்சி, இதுதான் எப்போதும் அதிகத் திறன் தரும்.

சுற்று ஏறாவிட்டால் என்ன, நான் 2600-ல்தானே ஓட்டுகிறேன் என்று சிலர் கேட்பார்கள். புரொப்பெல்லர் வாங்கும் சக்தி சுற்றின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். சரியான அளவு என்றால் 2600-ல் எஞ்சின் தன் உச்ச சக்தியில் 38 சதவீதத்தைத்தான் கொடுக்க வேண்டியிருக்கும். 3100-லேயே திணறும் புரொப்பெல்லர் அதே 2600-ல் அதைவிட ஒன்றரை மடங்கு கேட்கும். எஞ்சின் மெதுவாகச் சுற்றிக்கொண்டே பாரம் தூக்குகிறது. புகை, வெளியேற்றக் குழாயில் கரி, சூடு எல்லாம் அதன் விளைவு. சிலர் தெரிந்தே அரை அங்குலம், ஒரு அங்குலம் பிட்ச் கூட்டி வைத்துக்கொண்டு, குறைந்த சுற்றில் சத்தமில்லாமல் ஓட்டுவார்கள். முழு முடுக்கத்தைத் தொடவே மாட்டேன் என்ற ஒழுக்கம் உள்ளவர்களுக்கு அது ஒத்துவரலாம். எதிர்க்காற்றில் கரைப்பாறையை விட்டு விலக வேண்டிய நேரத்தில் முழுச் சக்தியும் வேண்டும் என்று நினைப்பவன் நான். அதனால் எனக்கு அது உடன்பாடில்லை.

சரி, இனி பாய் பக்கம் வருவோம்.

பாயும் புரொப்பெல்லரும் ஒரே கப்பலில் சேர்ந்த நாளிலிருந்தே இந்தத் தலைவலி இருக்கிறது. 1860-ல் நீரில் இறங்கிய வாரியர் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில், பாய் விரிக்கும்போது புரொப்பெல்லரையே நீரிலிருந்து மேலே தூக்கிவிட ஏற்பாடு செய்திருந்தார்கள். மறுபடி நீராவிக்கு மாறும்போது "புகைபோக்கி மேலே, புரொப்பெல்லர் கீழே" என்று கட்டளை. நம்மால் தூக்க முடியாது, ஆகவே மடக்குகிறோம் அல்லது திருப்பிக்கொள்கிறோம்.

நிலையான மூன்று இறக்கை பாய் விரித்த படகுக்கு ஒரு குட்டித் தடுப்பணை. மெல்லிய காற்றில் அரை நாட் போய்விடும், சில படகுகளில் அதற்கு மேலும். 5 நாட்டில் போகும் படகு 5.5-ல் போனால் 100 கடல்மைல் பயணத்தில் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் மிச்சம். அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. மெல்லிய காற்றில் திசை திருப்பும்போது படகு நடுவில் நின்றுவிடாமல் தன் ஓட்டத்திலேயே மறுபக்கம் வந்துவிடும். சுக்கானிலும் அந்த நடுக்கம் இருக்காது. எஞ்சினைப் போடலாமா என்று யோசிக்கும் வேளைகள் குறையும்.

மாற்று வழிகள் இரண்டு. மடங்கும் வகையில் இறக்கைகள் பூ குவிவது போலப் பின்னோக்கிக் குவியும். திருப்பும் வகையில் இறக்கைகள் தம் அச்சிலேயே திரும்பி, நீரோட்டத்துக்கு விளிம்பைக் காட்டி நிற்கும். இழுவையில் இரண்டுமே மிகக் குறைவு, மடங்கும் வகை ஒரு மயிரிழை முந்தும். மூன்று இடங்களில் வேறுபாடு தெரியும்.

முதலாவது ரிவர்ஸ். மடங்கும் இறக்கைகளைத் திறந்து வைப்பது மையவிலக்கு விசை. முன்னோக்கிப் போகும்போது உந்துவிசையும் திறக்கவே உதவும். ரிவர்ஸில் அதே உந்துவிசை இறக்கைகளை மூடப் பார்க்கும். அதனால் பழைய இரட்டை இறக்கை வகைகளில் ரிவர்ஸ் என்பது ஒரு வேண்டுதல் மாதிரி, எப்போது பிடிக்கும் என்று சொல்ல முடியாது. இப்போது வரும் பல்சக்கரம் வைத்த வகைகள், கோரி, ஃப்ளெக்ஸோஃபோல்டு போன்றவை, எவ்வளவோ தேவலை. கொஞ்சம் கூடுதல் சுற்று கொடுத்தால் நன்றாகவே நிறுத்தும். திருப்பும் வகையில், மேக்ஸ்-ப்ராப் போன்றவற்றில், ரிவர்ஸ் போட்டதும் இறக்கை முழுதாகத் திரும்பி, முன்னோக்கிப் போகும்போது எந்த விளிம்பு முந்தியதோ அதே விளிம்பை முந்தவிடும். ஆகவே ரிவர்ஸ் உந்துதல் முன்னோக்கிய உந்துதலுக்குச் சமமாக இருக்கும். நெருக்கமான துறைகளில் அடிக்கடி ஒதுங்குபவர்களுக்கு இது பெரிய வரம்.

இரண்டாவது முன்னோக்கிய திறன். மடங்கும் இறக்கையில் நிலையான புரொப்பெல்லருக்கு உள்ள முறுக்கு அப்படியே இருக்கும். திருப்பும் இறக்கை ஓட்டத்துக்கு விளிம்பைக் காட்டி நிற்க வேண்டும் என்பதால் பெரும்பாலும் தட்டை. அதனால் முன்னோக்கிப் போகையில் கொஞ்சம் இழப்பு. ஆனால் பிட்ச்சை நாமே மாற்றி வைத்துக்கொள்ளலாம், இது பெரிய வசதி. தன் பிட்ச்சைத் தானே சரிசெய்துகொள்ளும் ஆட்டோப்ராப், கலப்பு நார் இறக்கை வைத்த கிவிப்ராப் என்று வேறு சிலவும் உண்டு. அவற்றுக்கு விசுவாசமான ரசிகர்கள் இருக்கிறார்கள். எனக்கு நீண்ட அனுபவம் மேலே சொன்ன இரண்டு வகைகளில்தான்.

மூன்றாவது, பொருத்தத் தேவையான இடவசதி. மடங்கும் வகை பின்பக்கம் நீண்டு குவியும். ஏராவுக்கும் (படகின் அடியில் நீளும் கீல்) சுக்கானுக்கும் நடுவே சின்னச் சாளரம் போன்ற இடைவெளியில் புரொப்பெல்லர் இருக்கும் பழைய படகுகளில், குவிந்த இறக்கை சுக்கானில் இடிக்கும். அங்கே திருப்பும் வகைதான் பொருந்தும். எதை வாங்கினாலும் இறக்கை முனைக்கும் படகின் அடிக்கும் நடுவே விட்டத்தில் 10 சதவீதமாவது இடைவெளி வேண்டும், 15 இருந்தால் நல்லது. 16 அங்குலத்துக்கு 4 முதல் 6 சென்டிமீட்டர். அதற்குக் குறைந்தால் ஒவ்வொரு இறக்கையும் கடக்கும்போது அடிப்பலகையில் மத்தளம் வாசிக்கும்.

இரண்டு இறக்கையா மூன்றா என்றால், உங்கள் 30 குதிரைத்திறனுக்கு நான் மூன்றையே சொல்வேன். அலையில் பிடி விடாது, அதிர்வும் குறைவு. ஏராவின் நேர்ப்பின்னால் சுழலும் இரட்டை இறக்கையில், இரண்டும் ஒரே நேரத்தில் ஏராவின் மறைவுக்குள் நுழைந்து வெளியே வரும். அந்தத் துடிப்பு காலடியில் தெரியும். ஆனால் நிலையான இரட்டை இறக்கைக்கு ஒரு பழைய வித்தை உண்டு. இறக்கைகள் செங்குத்தாக ஏராவின் பின் மறைந்து நிற்கும் நிலையில், படகுக்குள் ஷாஃப்ட்டின் மேல் பெயிண்டில் ஒரு கோடு போட்டு வையுங்கள். பாய் விரித்ததும் ஷாஃப்ட்டைக் கையால் திருப்பிக் கோட்டை மேலே கொண்டுவந்து பூட்டினால், செலவே இல்லாமல் இழுவையில் பெரும்பகுதி போய்விடும். சிக்கனமாகப் பயணம் செய்பவர்களுக்கு இது இன்றும் நல்ல வழி.

மூன்று இறக்கைக்கு அப்படி மறைவிடம் கிடையாது. பூட்டி வைப்பதா, சுழல விடுவதா என்ற விவாதம் படகுக்காரர்கள் நடுவே ஓயாது. ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தில் அளந்து பார்த்து 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். பூட்டிய புரொப்பெல்லருக்கே இழுவை அதிகம், தடையின்றிச் சுழல விட்டால் குறைவு. ஆனால் முடிவெடுக்க வேண்டியது கியர்பாக்ஸின் கையேட்டைப் படித்த பிறகு. சில கியர்பாக்ஸில் எஞ்சின் ஓடாமல் ஷாஃப்ட் சுற்றினால் எண்ணெய் மேலே ஏறாது, பேரிங் கெடும். கூம்புக் கிளட்ச் உள்ள சிலவற்றில் கியரில் போட்டுப் பூட்டினால் கிளட்ச் இறுகிக்கொள்ளும். யான்மார் என்ற எஞ்சின் நிறுவனம் பாய் விரிக்கும்போது நியூட்ரலில் விடச் சொல்கிறது. ஹைட்ராலிக் கியர்பாக்ஸ் என்றால் எஞ்சின் நின்ற பின் கியரில் போட்டாலும் பூட்டாது, தனி ஷாஃப்ட் பிரேக் வேண்டும். மடங்கும் வகை குவிய ஷாஃப்ட் ஒரு கணமாவது நிற்க வேண்டும். அதை எப்படி நிறுத்துவது என்று புரொப்பெல்லர் விற்பவரிடமும் கியர்பாக்ஸ் கையேட்டிலும் இரண்டு இடத்திலும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

உங்கள் படகுக்கு என் தேர்வு இதுதான். துறைகள் நெருக்கமாக இருக்கும் பகுதியில் ஓட்டினால் மூன்று இறக்கைத் திருப்பும் வகை. பெரும்பாலும் திறந்த நீரில், ரிவர்ஸ் எப்போதாவதுதான் என்றால் பல்சக்கரம் வைத்த மூன்று இறக்கை மடங்கும் வகை, பராமரிப்பும் குறைவு. வாங்கும்போது எஞ்சின் மாடல், உச்சச் சுற்று, கியர் விகிதம், சுழலும் திசை, நீர்க்கோட்டு நீளம், எடை, ஷாஃப்ட் விட்டம், முனைக் கூம்பின் அளவு எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். கூம்பு 1-க்கு 10 என்றும் உண்டு, 1-க்கு 16 என்றும் உண்டு. கண்ணால் பார்த்துப் பிரித்துச் சொல்ல முடியாது, அளக்கத்தான் வேண்டும்.

பொருத்துவதைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் புரொப்பெல்லர் கழன்று கடலில் விழுவது பெரும்பாலும் இங்கே செய்யும் பிழையால்தான். சுழற்றும் விசையைத் தாங்க வேண்டியது கூம்பின் பிடி. கீ, அதாவது ஷாஃப்ட்டுக்கும் ஹப்புக்கும் நடுவே பள்ளத்தில் உட்காரும் சின்ன உலோகத் துண்டு, ஒரு காவலுக்கு மட்டும். நான் வாங்கிய ஒரு பழைய படகில், முன்பு வேலை பார்த்த பட்டறைக்காரர் உயரமான கீயை வைத்து இறுக்கியிருந்தார். ஹப் கூம்பில் உட்காராமல் கீயின் முதுகில் உட்கார்ந்திருந்தது. வெளியே பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரிந்தது. கழற்றியபோது கூம்பு முழுதும் பழுப்பாக உரசிய தழும்பு, கீயின் ஒரு பக்கம் நசுங்கிப்போயிருந்தது. இன்னும் ஒரு பருவம் ஓடியிருந்தால் தாங்கியிருக்காது.

அன்றிலிருந்து நான் செய்வது இது. கூம்பையும் ஹப்பின் உட்புறத்தையும் துடைத்து, கீ இல்லாமல் புரொப்பெல்லரைக் கையால் அழுத்தி ஏற்றுவேன். ஹப்பின் முன்விளிம்பு நிற்கும் இடத்தில் ஷாஃப்ட்டின் மேல் மெல்லிய பேனாவால் ஒரு கோடு. பிறகு இறக்கிவிட்டு, கீயை வைத்து மறுபடி ஏற்றுவேன். விளிம்பு அதே கோட்டில் வந்து நின்றால் சரி. ஒரு மில்லிமீட்டர் பின்தங்கினாலும் கீ தூக்குகிறது என்று பொருள், அதன் மேல்பக்கத்தை அரத்தால் தேய்த்துக் குறைத்துத் திரும்பவும் பார்ப்பேன். கூம்பு எல்லாப் பக்கமும் ஒட்டுகிறதா என்பதை நீலச் சாயம் பூசிச் சோதிக்கலாம். இரண்டு நட் போடும் அமைப்பு என்றால் மெல்லியது முதலில், தடித்தது அதன் மேல். பார்க்க விசித்திரமாக இருக்கும், ஆனால் கடைசியில் பாரத்தைத் தாங்குவது வெளி நட்தான். அதன் பிறகு காட்டர் பின். பழைய பின்னை மறுபடி பயன்படுத்தாதீர்கள். கழற்றும்போது இழுவைக் கருவி வையுங்கள். ஷாஃப்ட்டில் சுத்தியலால் அடித்தால் அந்த அடி நேராகக் கியர்பாக்ஸ் பேரிங்கில்தான் விழும்.

பராமரிப்பில் முதலிடம் ஜிங்க் கட்டிக்கு, மற்ற உலோகங்களுக்குப் பதிலாகத் தேயட்டும் என்று மாட்டும் கட்டி அது. உப்பு நீரில் வெண்கலப் புரொப்பெல்லரும் துருப்பிடிக்காத எஃகு ஷாஃப்ட்டும் சேர்ந்து ஒரு பாட்டரி. தேய வேண்டியது ஜிங்க், மற்றவை இல்லை. ஜிங்க் என்று பொதுவாகச் சொன்னாலும் கட்டியின் உலோகம் நீரைப் பொறுத்தது: உப்பு நீருக்குத் துத்தநாகம், நன்னீருக்கு மக்னீசியம், இரண்டும் கலந்த முகத்துவார நீருக்கு அலுமினியம். பாதி தேய்ந்ததும் மாற்றுங்கள். அதன் மேல் பெயிண்ட் கூடாது, மாட்டும் இடத்தில் உலோகம் பளிச்சென்று இருக்க வேண்டும். ஒரு வருடமாகியும் ஜிங்க் புதிதாகவே இருக்கிறது என்றால் சந்தோஷப்படாதீர்கள். அது வேலை செய்யவில்லை, அதற்குப் பதில் வேறெதுவோ தேய்கிறது. கரை மின்சாரத்தில் நாள்கணக்கில் கட்டி வைக்கும் படகுக்குக் கால்வானிக் தடுப்பான் ஒன்று அவசியம். இல்லாவிட்டால் பக்கத்துப் படகுகளின் உலோகத்தையும் உங்கள் ஜிங்க்தான் காப்பாற்றிக்கொண்டிருக்கும்.

கரையேற்றியதும் இறக்கையின் நிறத்தைப் பாருங்கள். ஓர் ஓரத்தைத் தாளால் மெல்லத் தேய்த்தால் பொன் மஞ்சள் வர வேண்டும். செம்பு போல இளஞ்சிவப்பு தெரிந்தால், உலோகத்திலிருந்து துத்தநாகம் கரைந்து வெளியேறிவிட்டது. மாங்கனீசு வெண்கலம் என்று விற்பது உண்மையில் பித்தளை வகை, அதில் துத்தநாகம் நிறைய இருக்கிறது. அடுத்து விரல் கணுவாலோ மரக்கைப்பிடியாலோ இறக்கை முனையைத் தட்டுங்கள். நல்ல உலோகம் மணி போல ஒலித்து அடங்கும். உள்ளே பொடிந்துபோனது மண்சட்டி போல "டொக்" என்று நின்றுவிடும். மூன்று இறக்கையையும் அடுத்தடுத்துத் தட்டிக் கேட்டால் வித்தியாசம் யாருக்கும் புரியும். நிக்கல்-அலுமினிய வெண்கலம் இதை வெகுவாகத் தாங்கும், புதிதாக வாங்கும்போது அதைக் கேளுங்கள்.

வளைவைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். படகின் அடியில் ஒரு குச்சியை நாடாவால் ஒட்டி, அதன் முனை ஒரு இறக்கை நுனியைத் தொடும்படி வையுங்கள். புரொப்பெல்லரைக் கையால் மெதுவாகச் சுற்றினால் மற்ற நுனிகளும் அதே இடத்தில் தொட வேண்டும். ஒன்று விலகி நின்றால் அந்த இறக்கை எதிலோ இடிபட்டிருக்கிறது. விளிம்பில் சின்னப் பற்கள் இருந்தால் அரத்தால் வழுவழுப்பாக்கலாம். அதற்கு மேல் என்றால் பட்டறைதான். அப்படியே ஷாஃப்ட்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். ரப்பர் பேரிங்கில் ஆட்டம் கண்ணுக்குத் தெரிந்தால் அதையும் மாற்றும் காலம் வந்துவிட்டது.

கொட்டலசை மரக்கட்டை அல்லது பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். எடுத்த பிறகு வட்ட வட்டமாக வெள்ளைத் தழும்பு நிற்கும். அது சுண்ணாம்பு, நீர்த்த அமிலத்தில் கரையும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள், உடனே நீரால் அலசுங்கள். பிறகு 400 எண் நீர்த்தாளால் மெருகேற்றி, புரொப்பெல்லருக்கென்றே வரும் வழுக்கும் சிலிக்கோன் பூச்சு அடிக்கலாம். அது கொட்டலசைக் கொல்லாது, ஒட்ட விடாது. படகு ஓடினால் கொட்டலசு தானே உதிர்ந்துவிடும். மாதக்கணக்கில் ஓடாத படகுக்கு அதனால் பெரிய பயன் இல்லை. நீண்ட ஷாஃப்ட்டுக்குப் பதில் படகின் அடியில் நீருக்குள் இறங்கும் அலுமினியக் கால் உள்ள செயில்டிரைவ் வைத்திருப்பவர்கள் செம்பு கலந்த பெயிண்டை அந்தக் காலில் பூசவே கூடாது, அலுமினியம் ஓட்டை விழும் வரை அரித்துவிடும். அவர்கள் ஒவ்வொரு முறையும் ஹப்பைக் கழற்றி, உள்ளே தூண்டில் நரம்பு சுற்றியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அந்த நரம்பு சீலை அறுத்தால் கியர் எண்ணெய் பால் போல வெளுத்துவிடும்.

திருப்பும் வகைக்கு ஆண்டுக்கு ஒருமுறை கிரீஸ். திருகை எடுத்து நிப்பிளை மாட்டி, பழைய கிரீஸ் வெளியேறிப் புதியது எட்டிப் பார்க்கும் வரை அழுத்துங்கள். தயாரிப்பாளர் சொன்ன கிரீஸையே போடுங்கள், இரண்டு வகை கலந்தால் சில சமயம் இறுகிக் களிமண்ணாகிவிடும். முடிந்ததும் திருகை மறக்காமல் திரும்ப மாட்டிவிடுங்கள். பிரிக்க நேர்ந்தால் முதலில் படம் எடுத்து வையுங்கள். பல்சக்கரங்களில் எழுத்துகள் இருக்கும், அவை பொருந்தும் வரிசைதான் உங்கள் பிட்ச். மடங்கும் வகையில் இறக்கை நுனியைப் பிடித்து ஆட்டி, பின்களில் எவ்வளவு ஆட்டம் என்று ஒவ்வொரு ஆண்டும் குறித்து வையுங்கள். கொஞ்சம் ஆட்டம் இயல்பு, ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போவதுதான் கவனிக்க வேண்டியது. பின்களைப் பிடிக்கும் திருகுகளில் பூட்டுப் பசை இருக்கட்டும்.

இரண்டு வகையிலுமே முன்னோக்கியிலிருந்து ரிவர்ஸுக்கு நேராகத் தாவ வேண்டாம். நியூட்ரலில் இரண்டு நொடி நிறுத்தி, மெதுவான சுற்றில் கியரை மாற்றுங்கள். வலக்கைப் புரொப்பெல்லர் ரிவர்ஸில் படகின் பின்பக்கத்தை இடப்பக்கமாக இழுக்கும், புதுப் புரொப்பெல்லரில் அந்த இழுப்பின் அளவும் மாறும். ஆகவே புதிதாக மாட்டிய பிறகு அரை நாள் வெறும் நீரில் நிறுத்தி, திருப்பி, பழகுங்கள்.

இன்னொன்று, இது நான் ஒவ்வொரு பயணத்திலும் செய்வது. சில வாரம் ஓடாமல் நின்ற படகில் இறக்கைகள் கொட்டலசால் ஒட்டிக்கொண்டு பாதியளவே திறக்கலாம். முன்னோக்கிப் போகும்போது அது தெரியாது, துறைச் சுவர் நெருங்கும்போதுதான் தெரியும். அதனால் துறைக்குள் நுழைவதற்கு முன், சுற்றிலும் யாரும் இல்லாத இடத்தில் ஒருமுறை ரிவர்ஸ் போட்டு, படகு உண்மையிலேயே நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவேன்.